லண்டன்ல பில்டிங் கட்டத் தோண்டும்போது கிடைக்கிற ரோமன் சிலைங்க: வேலைய நிறுத்திடுவாங்களா? சிலை யாருக்குச் சொந்தம்?

கொங்குமண்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூர்ல சிவில் சைட் இன்ஜினியர், பதினோரு வருஷமா பேஸ்மென்ட் வேலைதான் அதிகம். போன மாசம் லண்டன்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப அக்கா பையன் "சித்தி, உனக்குன்னே ஒரு இடம் இருக்கு"ன்னு வால்புரூக் தெருவுக்குக் கூட்டிட்டுப் போனான். ப்ளூம்பெர்க் கம்பெனியோட பெரிய ஆபீஸ், அதுக்கு அடியில படி இறங்கி இறங்கிப் போனா தெருவுல இருந்து ஏழு மீட்டர் கீழ ஒரு ரோமன் கோயில், மித்ராஸ்னு ஒரு சாமிக்குக் கட்டினது. ஒரே இருட்டு, லேசா பனிமூட்டம் மாதிரி விடுறாங்க, லத்தீன்ல ஆம்பளைங்க மந்திரம் சொல்ற சத்தம், அப்புறம் மெதுவா வெளிச்சம் வந்து அடிச்சுவர் மட்டும் தெரியுது. எனக்கு சிலிர்த்துப் போச்சு. உள்ள நுழையுற இடத்துலயே ஒரு கண்ணாடிச் சுவர் முழுக்க அந்த சைட்ல எடுத்த சாமான் 600க்கு மேல வச்சிருக்காங்க, செருப்பு, சாவி, ஊசி, அம்பர்ல செஞ்ச குட்டியூண்டு கிளாடியேட்டர் தலைக்கவசம்.

அங்க நின்னப்ப என் மண்டைக்குள்ள ஓடினதெல்லாம் சைட் கணக்குதான். எங்ககிட்ட ஒரு நாள் லேட்டானாலே கிரேன் வாடகை, ஆள் கூலி, பேங்க் வட்டின்னு எல்லாரும் தலைல கை வச்சுடுவாங்க, அங்க நடு லண்டன்ல அவ்வளவு விலை இருக்கிற மண்ணுல எப்படி வருஷக்கணக்கா தோண்ட விட்டாங்க? அதுக்குக் காசு யாரு குடுக்கறது, கவர்மென்டா பில்டரா? கிடைக்கிற சிலை யாருக்குப் போகும்? அப்புறம் ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கிடந்த தோல் செருப்பு எப்படி நேத்து கழட்டிப் போட்ட மாதிரி இருக்கு? மித்ராஸ் தலை அங்கதான் கிடைச்சுதாம், போட்டோல பாத்தேன், அவ்ளோ அழகான முகத்த யாரு எதுக்கு மண்ணுக்குள்ள புதைச்சாங்க?

கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு சைட்ல ஜேசிபி பக்கெட்டுல உறைகிணத்தோட சுடுமண் வளையம் உடைஞ்சு வந்துச்சு, கூடவே பெரிய பெரிய செங்கல். மேல சொன்னா வேலை நின்னுடும்னு சூப்பர்வைசர் அப்படியே லாரில அள்ளிப் போடச் சொல்லிட்டாரு. நானும் வாயத் தொறக்கல. அது இன்னும் உறுத்திட்டே இருக்கு. அதனால வேற ஊர்ல இத எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு நெஜமாவே தெரிஞ்சுக்கணும்.

ஈஸ்ட்ஹாம்வாசி:

வாங்க. நான் லண்டன்ல 14 வருஷமா இருக்கேன், இந்தப் பழைய சாமான் மேல உள்ள ஆசைல மியூசியத்துல வாலன்டியரா போயிட்டிருந்தவன். நீங்க பாத்த கோயிலோட கதை உங்க கேள்வி எல்லாத்துக்கும் நடுவுல இருக்கு, அதனால அத மொதல்ல சொல்லிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

ரெண்டாம் உலகப்போர்ல குண்டு விழுந்து அந்த ஏரியா தரைமட்டமாச்சு. அங்க பக்லர்ஸ்பரி ஹவுஸ்னு ஒரு ஆபீஸ் கட்ட ப்ளான், அதுக்கு முன்னாடி கிடைச்ச இடைவெளில கிரைம்ஸ்னு ஒரு தொல்லியல் அறிஞர் சின்ன டீம வச்சு குழி போட்டுப் பாத்துட்டு இருந்தாரு. அவருக்கு வேண்டியது பழைய வால்புரூக் ஓடை எந்த வழியா ஓடுச்சுன்னு தெரிஞ்சுக்கறதுதான். ஓடைக்கரையில ஒரு சுவர் வந்துச்சு, ஒரு பக்கம் அரைவட்டமா வளைஞ்சிருந்துச்சு, உள்ள ரெண்டு வரிசைல ஏழேழு தூண் நின்ன அடையாளம், கிட்டத்தட்ட 18 மீட்டர் நீளம் 8 மீட்டர் அகலம். என்ன கோயில்னு உறுதியா சொல்ல ஒண்ணும் சிக்கல. டைம் முடிஞ்சுபோச்சு, புல்டோசர் வரப்போகுது, 1954 செப்டம்பர் 18, சனிக்கிழமை, கடைசி நாள்னு வச்சிருந்தாங்க. அன்னைக்குத்தான் அந்தப் பளிங்குத் தலை வெளிய வந்துச்சு. முன்னாடி வளைஞ்சு விழுற தொப்பி, சுருட்டை முடி, கண்ணு ரெண்டும் மேல பக்கவாட்டுல திரும்பியிருக்கும். மித்ராஸ் காளைய வெட்டும்போது அதப் பாக்காம முகத்தத் திருப்பிக்குவாரு, மித்ராஸ் சிற்பங்கள்ல பெரும்பாலும் அப்படித்தான். அந்தத் தலைய எடுத்தப்பறம் என்ன கோயில்ங்கற கேள்விக்கே இடமில்லாமப் போச்சு.

மறுநாள் பேப்பர்ல போட்டோ வந்துச்சு, ஊரே கெளம்பி வந்துடுச்சு. குண்டு விழுந்த காலி மனைகளச் சுத்தி க்யூ, மொத்தத்துல 4 லட்சம் பேர் வந்தாங்கன்னு சொல்றாங்க. ரேஷன் அப்பதான் முடிஞ்சு, இன்னும் இடிஞ்ச வீடா இருந்த ஊருக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சர்ச்சில் கேபினட்லயே இதப் பத்திப் பேசினாங்க. தோண்டறதுக்கு ரெண்டு வாரத்துக்கிட்ட கூடுதல் டைம் கிடைச்சுது, அதுல செராபிஸ்ங்கற சாமியோட தலை (தலைமேல தானியம் அளக்கிற மரக்கால் மாதிரி ஒண்ணு இருக்கும்), மினர்வாங்கற பெண் தெய்வத்தோட தலை எல்லாம் வந்துச்சு.

ஆனா கோயில அந்த இடத்துலயே காப்பாத்த முடியல. கல்லு கல்லா பிரிச்சு எடுத்துட்டு ஆபீஸ் கட்டிட்டாங்க. 1962ல ஒரு நூறு மீட்டர் தள்ளி தெரு மட்டத்துல, ஒரு கார் பார்க் கூரை மேல திரும்பக் கட்டினாங்க, அது எனக்கு இன்னைக்கும் வயிறெரியற விஷயம். சிமென்ட் போட்டு பூசியிருந்தாங்க, தரைக்கு ஒடஞ்ச கல்லுத் துண்டு பதிச்சிருந்தாங்க, ரோமர் காலத்துல அங்க இருந்த மரப்பலகை தரையெல்லாம் போயே போச்சு, கோயில் பாத்த திசையே மாறிடுச்சு. நான் லண்டன் வந்த புதுசுல அதத்தான் பாத்தேன், ஏதோ பாதில விட்ட தண்ணித்தொட்டி மாதிரி இருந்துச்சு. ப்ளூம்பெர்க் 2010ல அந்த மனைய வாங்கினப்பறம் அதப் பிரிச்சு, 1954ல எடுத்த படம், குறிப்பு, அப்ப வந்து பாத்தவங்க வீட்ல வச்சிருந்த போட்டோ எல்லாத்தையும் வச்சு, பழைய இடத்துக்குப் பக்கத்துலயே பழைய ஆழத்துல திருப்பி வச்சாங்க. 2017 நவம்பர்ல தொறந்தாங்க. அசல் இடத்துல சரியா வைக்காம சில மீட்டர் தள்ளினதுக்குக் காரணம், அங்க இன்னும் அசல் சுவரோட மிச்சம் மண்ணுக்குள்ள இருக்கு, அது மேல கை வைக்க வேண்டாம்னுதான்.

நகரமைப்பு:

நான் இங்க ஒரு கவுன்சில்ல ப்ளானிங் வேலை பாக்கறேன், காசு யாரு தர்றாங்கன்னு கேட்டதால சொல்றேன். பில்டர்தான். ஆனா எப்பவும் அப்படி இருக்கல.

1989ல தேம்ஸ் நதிக்குத் தெக்க சதக்குல ரோஸ் தியேட்டரோட அஸ்திவாரம் ஒரு ஆபீஸ் சைட்ல வெளிய வந்துச்சு, 1587ல கட்டின நாடகக் கொட்டகை. அத அழிக்கக் கூடாதுன்னு நடிகர்களெல்லாம் வந்து மனைக்கு முன்னாடி நின்னாங்க. அதே வருஷம் ஹகின் ஹில்ல ரோமர் கட்டின பெரிய குளியல் மண்டபத்துக்கும் இதே சண்டை. ரெண்டு இடத்துலயும் பில்டருக்கு பர்மிஷன் ஏற்கனவே குடுத்தாச்சு, இப்ப நிறுத்துன்னா நஷ்ட ஈடு குடுக்கணும், யாருகிட்டயும் காசு இல்ல. அந்த வலில வந்ததுதான் 1990ல அரசாங்கம் போட்ட பிபிஜி 16ங்கற வழிகாட்டி. அதோட சாரம் ரொம்ப சிம்பிள்: பர்மிஷன் குடுக்கறதுக்கு முன்னாடியே மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துடணும், முடிஞ்சா அப்படியே விட்டுடணும், முடியாதுன்னா அழிக்கப்போறவங்க செலவுல முழுசா தோண்டிப் பதிவு பண்ணணும். அப்புறம் பேரு மாறி வேற கொள்கை வந்துடுச்சு, இந்த அடிப்படை மாறல.

அதனால கொங்குமண், நீங்க பயப்படற அந்த "வேலை நின்னுடும்" பயம் இங்க பெரும்பாலும் வராது, ஏன்னா தோண்டறதுக்கான மாசங்கள் ஷெட்யூல்லயே இருக்கும். மொதல்ல பழைய மேப், பக்கத்து மனைல என்ன கிடைச்சுதுங்கற ரிப்போர்ட் எல்லாம் படிச்சு ஒரு அறிக்கை, அப்புறம் ரெண்டு மூணு சோதனைக் குழி, அதுல கிடைக்கறத வச்சு முழு அகழாய்வா இல்ல வெறும் மேற்பார்வை போதுமான்னு முடிவு. பைல் (அஸ்திவாரத் தூண்) எங்க போடறதுங்கறதையே தள்ளி வச்சு டிசைன மாத்தச் சொல்றதும் உண்டு, உங்களுக்கு இது நல்லாப் புரியும். தோண்டி முடிச்சப்பறம் கழுவறது, படம் வரையறது, ரிப்போர்ட் எழுதறது, மியூசியத்துக்கு அனுப்பறது வரைக்கும் பில்டர் கணக்குதான், சில சமயம் தோண்டறத விட அதுக்குத்தான் அதிக செலவு.

சொந்தம் யாருக்குன்னா, இங்கிலாந்துல மண்ணுக்குள்ள கிடைக்கிற சாமான் மனைக்காரருக்குச் சொந்தம். தங்கம் வெள்ளி, காசுக் குவியல் மாதிரி வகைக்கு 1996ல வந்த புதையல் சட்டம் தனியா இருக்கு, அது அரசுக்குப் போகும், மியூசியம் விலை குடுத்து வாங்கலாம். கல் சிலை அதுல வராது. ஆனா நடைமுறைல மனைக்காரங்க எழுதிக் குடுத்து மியூசியத்துக்கே விட்டுடறாங்க. எலும்புக்கூடு வந்தா அது யாருக்கும் சொத்து கிடையாது, அத எடுக்கறதுக்கு நீதித்துறை அமைச்சகத்துகிட்ட லைசென்ஸ் வாங்கணும்.

1954க்கும் இப்பத்திக்கும் என்ன வித்தியாசம்னு தெரிஞ்சுக்கணும்னா மைனரீஸ் கழுகப் பாருங்க. 2013 செப்டம்பர், லண்டனோட பழைய நடுப்பகுதியான சிட்டியோட கிழக்கு ஓரத்துல மைனரீஸ் தெருவுல 16 மாடி ஹோட்டல் கட்டறதுக்கு முன்னாடி பல மாசம் தோண்டி முடிச்சாச்சு, அங்கயும் கடைசி நாள், கடைசி சில மணி நேரம், ஒரு பள்ளத்துக்குள்ள சேறு அப்பின ஒரு கல். கழுவிப் பாத்தா 65 சென்டிமீட்டர் உயரத்துல ஒரு கழுகு, வாயில பாம்பு. காட்ஸ்வோல்ட் பக்கத்து சுண்ணாம்புக்கல்லு. இறகு ஒவ்வொண்ணும் தனித்தனியா செதுக்கியிருக்காங்க, பாம்பு வாயத் தொறந்துட்டு இருக்கு, நாக்கு பிளந்து நீட்டிட்டு இருக்கறது வரைக்கும் தெரியும். அவ்வளவு நல்லா இருந்ததாலயே தோண்டினவங்களுக்கு சந்தேகம், விக்டோரியா காலத்துல எவனாவது தோட்டத்துல வச்ச அலங்காரமா இருக்குமோன்னு, நிபுணர்களக் கூப்பிட்டு உறுதி பண்ணிட்டுத்தான் வெளிய சொன்னாங்க. முதல் நூற்றாண்டுக் கடைசில, இல்லன்னா ரெண்டாம் நூற்றாண்டுல செஞ்சது. அது கிடந்தது ரோமர் ஊரு எல்லைக்கு வெளிய, ரோட்டோரமா இருந்த சுடுகாட்டுல, பக்கத்துலயே ஒரு பணக்காரக் கல்லறையோட அடித்தளம் இருந்துச்சு. கழுகோட முதுகுப்பக்கம் தட்டையா செதுக்காம விட்டிருக்கு, ஆக கல்லறைச் சுவர்ல ஒரு மாடத்துக்குள்ள நின்னிருக்கும். இத இவ்ளோ சொல்ல முடியறது அது கிடந்த இடத்த யாரோ அளந்து எழுதினதாலதான். லாரில அள்ளி வேற இடத்துல கொட்டியிருந்தா அது வெறும் அழகான கல்லு.

அக்டோபர் 30ஆம் தேதியே மக்கள் பார்வைக்கு வச்சுட்டாங்க. ஹோட்டலும் கட்டி முடிஞ்சுடுச்சு.

வடமராட்சியான்:

வணக்கம் தங்கச்சி. நான் பருத்தித்துறைப் பக்கம், இங்க வந்து 22 வருசம். டிகர் ஓடுறனான், எங்கட ஊரில பெக்கோ எண்டுறது. சிட்டிக்குள்ள கன சைட்டில வேலை செய்திருக்கிறன், அதால மேல எழுதினவை சொல்லாத பக்கத்தை நான் சொல்லுறன்.

பழைய பில்டிங்கை உடைச்சு, சிலாப்பை எடுத்தாப் பிறகு ஆர்க்கியோலஜிக்காரர் வருவினம். எங்களுக்குப் பல்லு வைச்ச பக்கெட்டைக் கழட்டிப்போட்டு பல்லில்லாத அகலப் பக்கெட்டைப் போடச் சொல்லுவினம், ஏனெண்டால் பல்லு மண்ணைக் கீறிப்போடும், அடியில என்ன நிறம் எண்டு தெரியாமல் போயிடும். ஒருத்தர் எனக்கு முன்னால நிண்டுகொண்டு கையால சைகை காட்டுவார், நான் நாலு விரல் அளவு மண்ணை மட்டும் வழிச்சு எடுக்கவேணும். நிறம் கொஞ்சம் மாறினாலும் கை உயரும். நான் நிப்பாட்டிப்போட்டு இருக்கவேணும், அவை சின்னக் கரண்டியோட இறங்குவினம். தொடக்கத்தில எனக்குச் சரியான எரிச்சல், ஒரு நாளில முடிக்கிற வேலையை மூண்டு கிழமை இழுக்கினம் எண்டு.

ஒருநாள் அவையளில ஒரு பிள்ளை, எங்கட மகளின்ர வயசுதான் இருக்கும், என்னைக் குழிக்குள்ள இறங்கச் சொல்லிக் கூப்பிட்டவ. குழியின்ர பக்கச்சுவரில மண் அடுக்கடுக்காத் தெரியுது, அதுக்குள்ள செம்மஞ்சள் நிறத்தில ஒரு பட்டை, ஒரு சாண் தடிப்பு வரும், நூல் பிடிச்ச மாதிரி ஓடுது. தொட்டுப் பாருங்கோ எண்டா. உரசினன், விரலில சிவப்பாப் பொடி ஒட்டிச்சுது. பூடிக்கா எண்ட ராணி கி.பி. 60, 61இல படையோட வந்து லண்டனைக் கொளுத்தின நேரம் எரிஞ்ச மண்சுவர் இதுதான் எண்டு சொன்னா. மண்ணும் தடியும் வைச்சுக் கட்டின வீடுகள், நெருப்பில வெந்து செங்கல் மாதிரி ஆகிப்போய் இடிஞ்சு விழுந்து, அதுக்கு மேல ஆக்கள் திரும்பி வந்து வீடு கட்டியிருக்கினம். எரிஞ்ச ஊரைப் பாத்த ஆக்கள் நாங்கள், எனக்கு அந்தப் பட்டையைப் பாக்கக் கொஞ்ச நேரம் கதை வரேல்லை. அண்டைக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் நான் முணுமுணுக்கிறேல்லை.

வேற ஒரு சைட்டில செருப்பின்ர அடித்தோல் ஒண்டு எடுத்தவை. கறுப்புச் சேறு, ஒருவித நாத்தம், அதுக்குள்ள இருந்து மெதுவா உரிச்சு எடுத்தவை. சின்னப் பிள்ளையின்ர செருப்பு, என்ர உள்ளங்கைக்குள்ள அடங்கிற அளவு. அடியில இரும்பு ஆணி வரிசையா அடிச்சிருந்தது, குதிப்பக்கம் தேய்ஞ்சு கிடந்தது. எடுத்த கையோட தண்ணி தெளிச்சு, தண்ணி விட்ட பையுக்குள்ள போட்டுக் கட்டிப்போட்டினம். காய விட்டால் சுருண்டு வெடிச்சுப்போயிடும் எண்டினம். ரெண்டாயிரம் வருசம் இருந்தது ஒரு பின்னேரத்தில போயிடுமாம்.

கொங்குமண்:

அண்ணா, அந்த எரிஞ்ச பட்டைய நீங்க சொன்னத ரெண்டு தடவ படிச்சேன். ரொம்ப நன்றி.

நகரமைப்பு, ஷெட்யூல்லயே மாசத்த ஒதுக்கி வைக்கிறதுங்கறதுதான் எனக்குப் பெரிய விஷயமா தெரியுது. எங்க சைட்ல அன்னைக்கு சூப்பர்வைசர் கெட்டவரெல்லாம் இல்ல, அவருக்கு சொல்றதால வர நஷ்டம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

இன்னும் ரெண்டு கேள்வி நிக்குது. தோலும் மரமும் எப்படி மக்காம இருந்துச்சு, தலைங்கள ஏன் புதைச்சாங்க. அப்புறம் அந்தக் கண்ணாடிச் சுவர்ல சின்னச் சின்ன மரப்பலகை இருந்துச்சு, அதுல ஒண்ணுமே எழுதின மாதிரி தெரியல, ஆனா அதுதான் பொக்கிஷம்னு அக்கா பையன் சொன்னான்.

கல்வெட்டுப்பித்தன்:

அக்கா பையனுக்கு ஒரு சபாஷ். அந்தப் பலகைங்களப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த வராது மேடம், பொறுத்துக்கோங்க.

மொதல்ல ஏன் மக்கலைன்னா, காத்து. மரத்தையும் தோலையும் தின்னுற நுண்ணுயிருக்கு ஆக்சிஜன் வேணும். வால்புரூக் ஓடைக்கரை எப்பவும் தண்ணி ஊறின சேறு, ரோமர்ங்க அங்க குப்பையையும் மண்ணையும் கொட்டிக் கொட்டி மேட்டாக்கி வீடு கட்டினாங்க, அடில போனது அப்படியே ஈரத்துக்குள்ள மூடிப்போச்சு. அதனால இரும்பு கூட அங்க பளபளன்னு வருது. 2010ல இருந்து 2014 வரைக்கும் ப்ளூம்பெர்க் சைட்ல தோண்டினப்ப 14,000க்கு மேல சாமான் கிடைச்சதுக்கு அந்தச் சேறுதான் காரணம். கல்லுச் சிலை எங்க வேணாலும் தாங்கும், ஒரு குமாஸ்தா எழுதின கடன் சீட்டு தாங்கறதுக்கு இப்படி ஒரு மண்ணு வேணும்.

அந்தப் பலகை 405 கிடைச்சுது. பழைய ஒயின் பீப்பாய் மரத்த அறுத்து செஞ்சது நெறைய. பலகைக்கு நடுவுல லேசா குழி எடுத்து கருப்பு தேன்மெழுகு ஊத்தி, இரும்பு எழுத்தாணியால மெழுகுல எழுதுவாங்க, நம்ம பனையோலை மாதிரியே கீறல்தான். மெழுகு போயிடுச்சு. ஆனா கை கொஞ்சம் அழுத்தினவன் எழுதினது மெழுகத் தாண்டி மரத்துல கீறியிருக்கு. அதே பலகைல மெழுக அழிச்சு அழிச்சு பல தடவ எழுதியிருப்பாங்க, எல்லாக் கீறலும் ஒண்ணு மேல ஒண்ணு. விளக்க நாலு பக்கத்துல இருந்தும் சாய்ச்சுப் பிடிச்சுப் படம் எடுத்து, ராஜர் டாம்லின்னு ஒரு அறிஞர் உக்காந்து எழுத்தெழுத்தாப் பிரிச்சுப் படிச்சாரு. 87 பலகை படிக்க முடிஞ்சுது, 2016ல வெளியிட்டாங்க.

ஒண்ணுல தேதி இருக்கு, கி.பி. 57 ஜனவரி 8. வெனுஸ்துஸ்கிட்ட அடிமையா இருந்து விடுதலையான திபுல்லுஸ்ங்கறவர், ஸ்பூரியுஸ்கிட்ட இருந்து விடுதலையான கிராதுஸ்ங்கறவருக்கு, வித்து ஒப்படைச்ச சரக்குக்கு 105 தெனாரி (ரோமர் வெள்ளிக்காசு) தரவேண்டியிருக்குன்னு எழுதிக் குடுத்த சீட்டு. ரோமர் பிரிட்டனுக்குள்ள வந்தது 43லதான், அதுக்குள்ள லண்டன்ல ரெண்டு முன்னாள் அடிமைங்க கடனுக்கு வியாபாரம் பண்ணி சீட்டு எழுதிட்டாங்க. இன்னொண்ணு 62 அக்டோபர் 21, வெருலேமியம்ங்கற ஊர்ல இருந்து லண்டனுக்கு இருபது வண்டிச் சுமை சாப்பாட்டுப் பொருள் கொண்டு வர ஒப்பந்தம். வடமராட்சியான் அண்ணன் தொட்டுப் பாத்த அந்தச் சிவப்புப் பட்டைய நினைச்சுக்கோங்க, ரெண்டு ஊரையும் பூடிக்கா கொளுத்தி ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோதான் ஆகுது, அதுக்குள்ள வண்டி ஓட ஆரம்பிச்சிருக்கு. மூணாவது ஒண்ணுல விலாசம், "லண்டன்ல இருக்கிற மோகோன்டியுஸுக்கு"ன்னு. லண்டன்ங்கற பேர் எழுத்துல கிடைச்சதுல மிகப் பழசு அதுதான், 65ல இருந்து 80க்குள்ள.

நமக்குத் தொடர்பு இருக்கான்னு எப்பவும் ஒரு கேள்வி வரும், அதனால ஒரே வரி. இங்கிலாந்து வடக்கு எல்லைல விந்தோலாண்டா கோட்டைல கிடைச்ச மரப்பலகைக் கணக்கு ஒண்ணுல மிளகுக்கு ரெண்டு தெனாரின்னு ஒரு சிப்பாய் பேருல எழுதியிருக்கு. அந்த மிளகு சேர நாட்டு முசிறிப் பக்கத்துல இருந்து கப்பல் ஏறிப் போனதுதான், அப்ப ரோமருக்கு வேற எங்க இருந்தும் அது வராது.

தலைங்கள ஏன் புதைச்சாங்கங்கறதுல ரெண்டு கட்சி இருக்கு. கோயில் கட்டினது கி.பி. 240 வாக்குல, நாலாம் நூற்றாண்டு ஆரம்பத்துல தலைங்கள கோயிலுக்குள்ளயே குழி வெட்டிப் பத்திரமா வச்சு மூடியிருக்காங்க. கிறிஸ்தவங்க உடைச்சிடுவாங்கன்னு பயந்து ஒளிச்சதுன்னு முன்னாடி சொன்னாங்க. கட்டடம் ஈர மண்ணுல இறங்கி விரிசல் விட்டு சிலைங்க உடைஞ்சதால மரியாதையா அடக்கம் பண்ணினதுன்னு இப்ப சிலர் சொல்றாங்க. எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, ஏன்னா அதுக்கப்பறமும் அங்க வழிபாடு நடந்திருக்கு, இந்தத் தடவ பாக்கஸ்ங்கற ஒயின் சாமிக்கு. அந்த பாக்கஸ் சிற்பத்துல "அலைந்து திரியும் மனிதருக்கு வாழ்வு கொடு"ங்கற மாதிரி லத்தீன்ல ரெண்டு மூணு சொல்லு வெட்டியிருக்கு.

ஒரு விஷயத்துல மட்டும் நகரமைப்பு சொன்னதோட எனக்கு முழு உடன்பாடு இல்ல. பில்டர் காசு குடுக்கறாரு, சரி. ஆனா தோண்டறதும் ஒரு வகைல அழிக்கறதுதான். எடுத்த அடுக்கத் திருப்பி வைக்க முடியாது. 1954ல தூக்கிப் போட்ட மரத்துண்டுல இருந்து இன்னைக்கு மரம் வெட்டின வருஷத்தையே கண்டுபிடிச்சிருப்பாங்க. நாப்பது வருஷம் கழிச்சு என்ன தொழில்நுட்பம் வரும்னு யாருக்குத் தெரியும், லண்டன்ல தண்ணி ஊறின மண்ணு மிச்சம் இருக்கிற மனை கொஞ்சம்தான், கோபுரம் கோபுரமா கட்டிட்டே போனா அதுவும் முடிஞ்சுடும்.

நகரமைப்பு:

நீங்க சொல்றது நியாயம்தான், அதனாலதான் "முடிஞ்சா அப்படியே விடு"ன்னு முதல் விதியா இருக்கு. ஆனா சேத்து மண்ண அப்படியே விட்டு வச்சாலும் பக்கத்து மனைல பேஸ்மென்ட் போட்டு தண்ணி மட்டம் இறங்கினா உள்ள இருக்கிறது தானா மக்கிடும். அப்படி ஒரு கேஸ்ல எடுத்துடறதே மேல்னு நான் நினைக்கிறேன்.

வடமராட்சியான்:

சதக்கில போன வருசங்களில கிடைச்சதை ஆரும் சொல்லேல்லை. லண்டன் பிரிட்ஜுக்குக் கிட்ட ஒரு பெரிய கட்டட வேலைக்கு முன்னம் தோண்டேக்க 2022இல எட்டு மீட்டர் நீளத்துக்கு மொசைக் தரை வந்தது. அதே சைட்டில ஒரு குழிக்குள்ள சுவர்ப்பூச்சுத் துண்டுகள் ஆயிரக்கணக்கில கொட்டிக் கிடந்தது, 200ஆம் ஆண்டுக்கு முதலே வீட்டை இடிச்ச ரோமர் கொட்டினது. அதுகளை மேசையில பரப்பி மூண்டு மாசமாப் பொருத்தி, கிட்டத்தட்ட இருவது சுவரின்ர ஓவியத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கினம், மஞ்சள் பலகைகள், பறவை, பழம், யாழ் மாதிரி ஒரு வாத்தியம். 2025இல படம் வந்தது. அதில ஒரு துண்டில சின்னச் சட்டம் கீறி, உள்ளுக்கு "ஃபெகிட்" எண்டு லத்தீனில இருக்கு, "இன்னார் செய்தது" எண்டு கருத்து. ஓவியர் தன்ர பேரை வைச்ச இடம். பேர் இருந்த துண்டு மட்டும் கிடைக்கேல்லை.

ஈஸ்ட்ஹாம்வாசி:

அடடா, அந்தத் துண்டு. அத நெனச்சா இன்னும் மனசு அடிச்சுக்குது.

கொங்குமண், அடுத்த தடவ வந்தா பாக்கறதுக்கு சொல்லிடறேன். லண்டன் மியூசியம் பழைய கட்டடத்த 2022 டிசம்பர்ல மூடிட்டு ஸ்மித்ஃபீல்டுக்கு மாறுது, அதனால மித்ராஸ் தலைக்கு அத விசாரிச்சுட்டுப் போங்க. லண்டன் வால் கார் பார்க்குக்குள்ள காருங்களுக்கு நடுவுல ரோமன் மதில் ஒரு துண்டு நிக்குது. லெடன்ஹால் மார்க்கெட்ல ஒரு முடிவெட்டுற கடை பேஸ்மென்ட்ல ரோமர் காலத்துப் பெரிய மன்றத்தோட தூண் அடி இருக்கு. 1848ல நிலக்கரிச் சந்தை கட்டும்போது வந்த பில்லிங்ஸ்கேட் குளியல் வீடு ஒரு ஆபீஸுக்குக் கீழ இருக்கு, சில நாள் மட்டும் வழிகாட்டியோட விடுவாங்க. ஆனா மொதல்ல கில்டுஹால் போங்க. 1988ல அங்க ஆர்ட் கேலரி கட்டத் தோண்டினப்பதான் நூறு வருஷமா எல்லாரும் தேடிட்டு இருந்த ரோமர் ஆம்பிதியேட்டர் (சண்டை, விளையாட்டு பாக்கற வளைவான அரங்கு) கிடைச்சுது, கேலரிய அது மேலயே கட்டி, கீழ போய்ப் பாக்க வழி விட்டிருக்காங்க, மரத்துல செஞ்ச வடிகால் கூட அப்படியே இருக்கு. மேல முற்றத்துல தரைக்கல்லுல கருப்பா வளைவா ஒரு கோடு பதிச்சிருப்பாங்க, கீழ இருக்கிற அரங்கோட விளிம்பு அதுதான்.

கொங்குமண்:

கில்டுஹால் முற்றத்துக்குப் போனேன்! சர்ச் முன்னாடி, அக்கா பையனோட. என்ன இடம்னே தெரியாம போட்டோ மட்டும் எடுத்துட்டு வந்துட்டேன். இப்ப போன்ல ஜூம் பண்ணிப் பாத்தேன், ரெண்டு பேர் காலுக்குக் கீழயும் அந்தக் கருப்புக் கோடு போகுது, அவன் கோட்டுக்கு உள்ள நிக்கறான், நான் வெளிய நிக்கறேன். அவனுக்கு அனுப்பிட்டேன்.